பன்னிரண்டு ஆண்டுகளில் மாறிய தேவைகள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2013 அக்டோபரில் இந்தச் சிறுவனை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவன் இடுப்பில் நண்டுவலைக் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதன் மறுமுனை முற்றத்துப் பூவரச மரத்தில் இருந்தது. அவனுக்கு வயது மூன்றேகால். வாசலிலிருந்து கடல் எழுபது காலடித் தொலைவுதான். தாய் பாசி எடுக்கப் போகும் நாள்களில் பார்வை மங்கிய அப்பத்தாவையும் ஏழு வயது அக்காவையும் தவிர வீட்டில் வேறு ஆள் இல்லை. "கட்டிப் போட்டிருக்கோம்னு தப்பா நினைக்காதீங்க டீச்சர், ரெண்டு தடவை கழுத்தளவு தண்ணியில இருந்து தூக்கியாந்திருக்கோம்" என்று தாய் சொன்னார். அந்தக் கயிற்றைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது அன்றே எனக்குப் புரிந்தது.

இந்த ஆண்டு அவன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், ஆட்டிசம் என்ற வளர்ச்சி வேறுபாடு உள்ள அவனுக்குத் தேவைப்பட்ட உதவி ஒரே சீராகக் குறைந்துகொண்டே வரவில்லை. முதலில் குறைந்தது, பிறகு இல்லாமலே போய்விட்டதுபோலத் தோன்றியது, அதன்பின் முதல் நாளைவிடவும் அதிகமானது, இப்போது முற்றிலும் வேறொரு வடிவத்தில் நிற்கிறது. இந்தப் போக்கின் நடுவே நான் ஒரு தவறு செய்தேன். வட்டார வள மையச் சிறப்பாசிரியராக என் கையெழுத்துடன் நடந்த அந்தத் தவறு வேறொரு பிள்ளைக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் வருகைக் குறிப்பேடுகள், பள்ளிப் பதிவுகள், மருத்துவத் தாள்கள், தாயுடன் நடத்திய நீண்ட உரையாடல்கள் ஆகியவை இதற்கு அடிப்படை. பெற்றோர் இசைவு தந்திருக்கிறார்கள். சிறுவனிடமும் எழுதுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் அவன் பெயரையும் தவிர்த்து, அக்கா அவனை அழைக்கும்படியே 'தம்பி' என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

குடும்பமும் முதல் மதிப்பீடும்

மன்னார் வளைகுடாக் கரையில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் குடியிருப்பு அது. தந்தை சொந்த வல்லத்தில், அதாவது சிறு நாட்டுப்படகில், நண்டுவலை இடுபவர். தாய் மற்றப் பெண்களோடு தீவுப் பக்கம் போய் நீரில் முங்கிக் கட்டைக்கோரை, மரிக்கொழுந்து என்னும் கடற்பாசிகளை எடுப்பவர். தம்பி ஒன்றரை வயதில் "அம்மா", "தண்ணி" உட்பட ஐந்தாறு சொற்கள் பேசியிருக்கிறான். இருபதாம் மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதங்களுக்குள் அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. இருந்த சொற்களையோ பிற திறன்களையோ இழப்பது ஆட்டிசக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் காணப்படுகிறது. ஆனால் அந்தத் தாய், தம்பி வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாதம்வரை தாம் தண்ணீருக்குள் முங்கி மூச்சடக்கியதே காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

எனக்கு முன்பே அப்பத்தா அவனை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போய்ச் சில நாள்கள் தங்கியிருக்கிறார். எல்லாச் சமயத்தாரும் நம்பிக்கையோடு போகும் இடம் அது. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க வழியின்றி 28 பேர் மாண்டனர். எங்கள் மாவட்டத்தில் கட்டிவைத்தல் என்ற சொல்லுக்கு அந்த நினைவு உண்டு. தர்காவுக்குப் போவதை நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. நான் வருகிற நாளில் மட்டும் வீட்டில் இருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "நீ வா தாயி, அவரும் இருக்கட்டும், நீயும் இரு" என்று தர்காவில் அடங்கியிருப்பவரையும் சேர்த்துச் சொன்னார் அப்பத்தா.

2014 பிப்ரவரியில் மதுரையில் ஆட்டிசம் உறுதி செய்யப்பட்டது. ஆட்டிச மதிப்பீட்டுக்கான இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. தம்பிக்கு 146 வந்தது. அன்று நடைமுறையில் இருந்த 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் ஆட்டிசம் இடம்பெறவில்லை என்பதால் அவனுடைய முதல் சான்று மனவளர்ச்சிக் குறைபாடு என்ற பெயரில்தான் தரப்பட்டது. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அந்தத் தாளில் ஆட்டிசம் என்ற சொல் ஏறியது.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு ஆட்டிசத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தது: உதவி வேண்டியவர், கணிசமான உதவி வேண்டியவர், மிக அதிக உதவி வேண்டியவர். சமூகத் தொடர்பு ஒரு பக்கம், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகள் மறுபக்கம் என இரண்டுக்கும் தனித்தனியே நிலை குறிக்கப்பட வேண்டும் என்றும், இந்தத் தீவிரம் சூழலுக்கேற்ப வேறுபடும், காலப்போக்கில் ஏறி இறங்கும் என்றும் அதே கையேடு சொல்கிறது. ஆனால் பெற்றோர் கைக்கு வருவது ஓர் எண்ணும் ஒரு சொல்லும்தான். மிதமானது என்று ஒருமுறை எழுதப்பட்டால் பள்ளி, அலுவலகம், உறவினர் எல்லோரும் அதைப் பிறந்த தேதியைப்போல மாறாத ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன், சற்று வேறு விதமாக: குறைய முடியும், ஆனால் குறைந்தது திரும்ப ஏறாது என்று.

கயிற்றை அவிழ்த்தது

முதல் மூன்று ஆண்டுகளில் வாரம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் முன்பாகக் கடலைப் பற்றித்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசமுள்ள குழந்தைகளில் 49 சதவீதத்தினர் நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டு ஓட முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்திருந்தனர். அப்படி ஓடும் குழந்தைகளின் உயிருக்கு நீரே பெரிய ஆபத்து. உள்நாட்டு ஊர் ஒன்றில் கதவைப் பூட்டினால் போதும். எங்கள் கரையில் வீட்டுக்குக் கதவே பாதி நாள் சாத்தப்படுவதில்லை. தந்தை பனைமட்டையால் முற்றத்தைச் சுற்றி வேலி அடைத்து, படலுக்குத் தாழ்ப்பாளை உயரத்தில் வைத்து, ஒரு வெண்கல மணியையும் கட்டினார். அந்த வேலை முடிந்த அன்று கயிறு அவிழ்க்கப்பட்டது. தம்பிக்கு ஐந்து வயதானபோது தந்தை அவனை இடுப்பளவு நீருக்குக் கொண்டுபோய், வயிற்றை உள்ளங்கையில் தாங்கி மிதக்கப் பழக்கினார். ஒரு கோடை முழுவதும் அது நடந்தது. ஏழு வயதில் அவன் ஊர்ப் பிள்ளைகள் யாருக்கும் குறையாமல் நீந்தினான். குடும்பத்தின் பயத்தில் பாதியை அந்த நீச்சல் போக்கியது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பேச்சு வந்த விதம் எந்தப் பயிற்சி நூலிலும் நான் படித்திராதது. படங்கள், நண்டுவலை மிதப்பு, சொம்பு, செருப்பு என்று பொருள்களைக் காட்டி அவன் வேண்டுவதைக் கேட்கப் பழக்கிக்கொண்டிருந்தேன். பொருளை எடுத்துக் கையில் கொடுப்பான், வாய் திறக்க மாட்டான். மாலைகளில் அப்பத்தாவோடு கரைக்குப் போய் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அசையாமல் நிற்பது அவன் வழக்கம். ஐந்தரை வயதில் ஒரு நாள், அக்கா ஊஞ்சலை ஆட்டி நிறுத்தியபோது, ஏலக்காரரின் குரலிலேயே "ஒருதரம்" என்றான். அவள் மறுபடி ஆட்டினாள். "ரெண்டுதரம்" என்றான். மூன்றாவது முறை ஆட்டி முடித்ததும் "மூணுதரம்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான். அதன்பிறகு அந்த வீட்டில் 'ஒருதரம்' என்றால் தொடங்கு அல்லது மறுபடி செய், 'மூணுதரம்' என்றால் போதும், முடிந்தது. சோறு போதுமென்றால் மூணுதரம். குளியல் போதுமென்றால் மூணுதரம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பேச்சைப் பொருளற்ற எதிரொலி என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஏலக் கூவல்தான் தம்பியின் இலக்கணத்துக்கு முதல் வாசல். ஏழு வயதில் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசினான்.

நான்கு வயதில் பேசாத குழந்தை இனிப் பேசாது என்று பெற்றோரிடம் சொல்லப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். அமெரிக்காவின் கென்னடி கிரீகர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நான்கு வயதுவரை சொற்றொடர்ப் பேச்சு வராத 535 ஆட்டிசக் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 70 சதவீதத்தினர் பிற்பாடு சொற்றொடர் பேசினர், 47 சதவீதத்தினர் சரளமாகவே பேசினர். எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும் என்று யாருக்கும் வாக்குத் தர முடியாது. ஆனால் கதவை அடைத்துப் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

நான் எழுதிய வரி

2016 ஜூனில் தம்பி ஊரிலிருந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தான். இரண்டு ஆசிரியர்கள், முப்பத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியை மணியை அவன் காதில் படாதபடி பள்ளியின் பின்புறம் மாற்றிக் கட்டினார். சத்துணவில் அவன் வெறும் சோறும் வீட்டிலிருந்து வந்த பொரித்த சூடை மீனும் மட்டும் தின்பதை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டார். அவன் வகுப்பில் எல்லோரும் அவனைப் பிறந்ததிலிருந்து அறிந்த பிள்ளைகள். 'மூணுதரம்' என்றால் என்ன என்று அவர்கள் அனைவருக்கும் தெரியும்.

நான்காம் வகுப்பில் அவன் தமிழ் வாசித்தான், மூன்று இலக்கக் கூட்டல் செய்தான், அமாவாசை பௌர்ணமியைக் கணக்கிட்டுக் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொன்னான். 2019 செப்டம்பரில் மறுமதிப்பீட்டில் 102 வந்தது. மிதமானது லேசானதாயிற்று. வாரம் ஒருமுறை என்றிருந்த வருகையை நான் மாதம் ஒருமுறையாக்கினேன். பின்பு, "குறிப்பிடத்தக்க முன்னேற்றம், தொடர் கண்காணிப்பு போதுமானது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என்னிடம் அப்போது ஒதுக்கப்பட்டிருந்த மற்றப் பிள்ளைகளில் படுத்த படுக்கையாக இருந்தவர்களும் உண்டு. நேரத்தை அவர்களுக்குத் தர வேண்டும் என்று நினைத்தது நியாயமே. நியாயமற்றது எதுவென்றால், அவன் நன்றாக இருப்பதற்கு எவை காரணம் என்று நான் ஒரு வரிகூட எழுதி வைக்காததுதான். மணி இடம் மாறியது, வகுப்பின் அளவு, உடன் படிக்கும் பிள்ளைகளுக்கு அவன் மொழி தெரிந்தது, அக்கா தினமும் கூட்டிப் போய்க் கூட்டி வந்தது, தந்தை இரவில் வீட்டில் இருந்தது ஆகிய அனைத்தும் உதவிகளே. அவை உதவி என்று தெரியாத அளவுக்கு இயல்பாக இருந்ததால் அவனுக்கு உதவியே தேவையில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

கனடாவில் பீட்டர் சத்மாரி தலைமையில் 421 குழந்தைகளை ஆட்டிசம் கண்டறியப்பட்ட நாளிலிருந்து ஆறு வயதுவரை தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறது. ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் ஒரு பாதையில் போகிறது, அன்றாட வாழ்வை நடத்தும் திறன் இன்னொரு பாதையில் போகிறது, இரண்டும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவையாக இல்லை. அறிகுறிகளில் பெரிய மாற்றமில்லாத குழந்தை அன்றாட வேலைகளில் நன்கு முன்னேறலாம். இதன் மறுதலையும் நடக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் உதவித் தேவையின் முழுப் படம் கிடைத்துவிடாது. அவனைச் சுற்றி இருப்பது என்ன என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும். 102 என்ற எண் எதையும் பொய் சொல்லவில்லை. நான்தான் அது சொல்லாததை அதனிடமிருந்து கேட்டுக்கொண்டேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் துயரமாக இருந்த அந்தக் காலம் தம்பிக்கு மிக அமைதியான காலம். காலையில் நீச்சல், பகலில் தந்தையோடு வலையிலிருந்து நண்டு கழற்றுவது, மாலையில் கிழிந்த வலையைப் பொத்துவது. அந்த வயதில் அவன் போட்ட முடிச்சுகளைப் பெரியவர்கள் எடுத்துக் காட்டிப் பேசினார்கள். என் மாதாந்திரத் தொலைபேசி அழைப்புகளில் தாய் ஒவ்வொரு முறையும் "நல்லாயிருக்கான் டீச்சர்" என்றார். நானும் மகிழ்ந்தேன். பள்ளி என்ற ஒன்று எதையும் அவனிடம் கேட்காத பத்தொன்பது மாதங்கள் அவை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆறாம் வகுப்பு

2021 நவம்பர் 1 அன்று பள்ளிகள் சிறு வகுப்புகளுக்குத் திறக்கப்பட்டபோது தம்பி நேராக ஆறாம் வகுப்பில், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்த உயர்நிலைப் பள்ளியில், நாற்பத்து நான்கு பேர் உள்ள வகுப்பில் உட்கார்ந்தான். பாடவேளைக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மின்மணி. அதே மாதத்தில் அக்கா மேற்படிப்புக்காக மதுரைக்குப் போய்விட்டாள். கடன் நெருக்கியதால் தந்தை தன் வல்லத்தைத் தம்பியின் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு இராமேசுவரத்தில் விசைப்படகுக்குப் போகத் தொடங்கினார். வாரத்தில் பாதி இரவுகள் வீட்டில் இல்லை. என் பழைய கோப்பு புதிய பள்ளிக்குப் போயிருந்தது. அதில் இருந்தது அந்த ஒரு வரி.

2022 பிப்ரவரியில் என்னை அழைத்தார்கள். அவன் பள்ளியில் பேசுவதை நிறுத்தியிருந்தான். மேசையில் நெற்றியை மோதிக்கொண்டான். தன்னைப் பிடித்து உட்கார வைக்க முயன்ற ஒரு மாணவனின் கையைக் கடித்திருந்தான். பதிவேட்டில் பிடிவாதம், கீழ்ப்படியாமை என்ற சொற்கள் இருந்தன. காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பும்வரை அவன் கழிப்பறைக்குப் போவதே இல்லை என்பதை, சீருடையை நனைத்துக்கொண்டு வரத் தொடங்கிய பிறகே தாய் கண்டுபிடித்தார். சூடை தின்பதை விட்டுவிட்டான். நான்கு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்திருந்தான்.

ஒரு முழு நாள் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாம் பாடவேளை மணி அடித்தபோது அவன் உதடு அசைந்தது. அருகில் போய்க் கேட்டேன். மூணுதரம், மூணுதரம், மூணுதரம் என்று மூச்சுக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒருவருக்கும் அது என்ன என்று தெரியாது. அவன் நான்கு மாதங்களாகப் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த ஆசிரியர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

கற்றவை மறந்துபோகும் பின்னடைவு இது என்று சிலர் கருதினர். வீட்டில் அவன் அப்போதும் பேசினான், வாசித்தான், முடிச்சுப் போட்டான் என்பதால் அந்த முடிவை நான் ஏற்கவில்லை. திறன் இருந்தது, அதைப் பயன்படுத்த முடியாத இடத்தில் அவன் இருந்தான். முதலில் உடம்பைப் பார்க்கச் சொன்னேன். நடத்தை திடீரென்று மாறும் பிள்ளைக்கு வலி இருக்கிறதா என்று பார்க்காமல் நடத்தைக்குத் திட்டம் போடுவது கொடுமை. கடுமையான மலச்சிக்கலும் சொத்தைப்பல் ஒன்றும் இருந்தன. இரண்டையும் சரிசெய்ததில் உணவு சற்றுத் திரும்பியது. காலையில் முதல் மூன்று பாடவேளை மட்டும் பள்ளி, பிறகு வட்டார வள மையத்தில் எங்களுடைய பகல்நேர மையம் என்று நாளைப் பிரித்தோம். ஆசிரியர்கள் ஏழு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஏலத்தின் கதையைச் சொன்னேன். 'மூணுதரம்' என்று எழுதிய அட்டை ஒன்றை அவன் சட்டைப்பையில் வைத்தோம். அதை மேசைமேல் வைத்தால் யாரையும் கேட்காமல் வெளியே வேப்பமரத்தடிக்குப் போகலாம். முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறைகூட வைத்தான். கணித ஆசிரியர் ஒருவர், அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்றார். ஆம், வேண்டித்தான் செய்கிறான், அதற்குத்தான் கொடுத்தோம் என்று சொன்னேன். மூன்றாம் மாதத்தில் அது நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது.

நீச்சல் ஆபத்தானது

2023 ஜனவரியில், பன்னிரண்டரை வயதில், முழங்காலளவு நீரில் நின்று வலை அலசிக்கொண்டிருந்தவன் விறைத்துக் கீழே விழுந்தான். பத்தடி தள்ளி நின்ற சித்தப்பா தூக்கியிருக்காவிட்டால் இந்த ஆய்வு இத்தோடு முடிந்திருக்கும். ஆட்டிசமுள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மழலைப் பருவத்தில் ஒருமுறையும் வளரிளம் பருவத்தில் இன்னொரு முறையும் அது கூடுதலாகத் தலைகாட்டுகிறது. பள்ளிப் பதிவில் 'கவனமின்றி வெறித்துப் பார்க்கிறான்' என்றிருந்த சில இடங்களை நரம்பியல் மருத்துவரிடம் காட்டினேன். எல்லாம் என்று சொல்ல முடியாது, சில வலிப்பாகவே இருந்திருக்கலாம் என்றார்.

இதுவரை அவனுடைய உதவித் தேவையைக் குறைத்த மிகப் பெரிய திறன் நீச்சல்தான். ஒரே மாலையில் அதுவே அவனைக் கண்ணை விட்டு அகலாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதற்குக் காரணமாயிற்று. நீந்தத் தெரியாத பிள்ளை கடலுக்குப் போகப் பயப்படும். இவனுக்குப் பயமில்லை, கால் தானே போகும். வலிப்பு நீருக்குள் வந்தால் நீச்சல் உதவாது. கயிறு கட்டியிருந்த காலத்தில்கூட அவன் தாய் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. பல ஆண்டுகளாகத் திறந்தே கிடந்த படலுக்கு மீண்டும் தாழ்ப்பாள் போடப்பட்டது. ஆனால் அவன் இப்போது தாயைவிட உயரம். தாழ்ப்பாள் அவன் தோளுக்குக் கீழே இருந்தது.

உடல் வளர்வது தேவையை எப்படி மாற்றுகிறது என்பதைப் பற்றி நம் மதிப்பீட்டுத் தாள்களில் இடமே இல்லை. நான்கு வயதில் தரையில் விழுந்து கத்தியவனைத் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். பதின்மூன்று வயதில் அதையே செய்பவனை யார் தூக்குவது? நடத்தை அதேதான், அளவுகோலில் அதே மதிப்பெண்தான் விழும், தேவை மும்மடங்கு. இன்னொன்று, பலர் வெளியே சொல்லத் தயங்குவது: வளரிளம் பருவத்தில் மகனைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றிவிடுவதும் தாயால் முடியாத காரியமாகிறது. தந்தை கடலில் இருக்கும் வீட்டில் அந்த வேலை யாருடையது என்ற கேள்விக்கு விடை தேட எங்களுக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. சித்தப்பா ஏற்றுக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றுவது, தன் உடலை எங்கே தொடலாம், எங்கே கூடாது, மற்றவர் தொட்டால் என்ன சொல்வது ஆகியவற்றைப் படங்களோடு அவனுக்குச் சொல்லித் தந்தது அவரும் எங்கள் மையத்தின் ஆண் பயிற்சியாளர் ஒருவரும்தான். குளியலறைக் கதவைச் சாத்தலாம், ஆனால் உள்தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது வலிப்புக்காக வைத்த விதி. தனிமையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதும் அந்த இடத்தில் சரியான விடை என்று ஒன்று இல்லை. இருப்பதில் குறைந்த தீங்கை எடுத்தோம்.

முதலில் கொடுத்த வலிப்பு மருந்து அவன் எரிச்சலைக் கூட்டியது. தேதி, நேரம், தூக்கம், கோபம் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நாற்பது பக்க நோட்டைத் தாயிடம் கொடுத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர் இரண்டு மாதங்கள் ஒரு நாள் விடாமல் எழுதினார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் மருந்தை மாற்றினார். அந்த 2023-இல் எடுத்த மதிப்பீட்டில் 131 வந்தது. லேசானது மறுபடி மிதமானதாயிற்று. தந்தை தாளைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் செஞ்சது எல்லாம் வீணாப் போச்சா டீச்சர்" என்று கேட்டார். நீச்சலும் வாசிப்பும் முடிச்சும் எங்கும் போய்விடவில்லை, அவன் நிற்கும் இடம் மாறியிருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் விசைப்படகை விட்டுவிட்டு வல்லத்துக்கே திரும்பிவிட்டார். வருமானம் குறைந்தது. தம்பியின் தூக்கம் திரும்பியதற்கு மருந்து மாற்றம் எவ்வளவு காரணம், தந்தை இரவில் வீட்டில் இருந்தது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவுகோல் இல்லை.

ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக எழுதிய லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். 28 ஆண்டுகள் கழித்து, 1971-இல், அதே பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எழுதினார். ஒருவர் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட காலம் அரசு மனநலக் காப்பகங்களில் விடப்பட்டவர்களோ சிறுவயதில் தங்களிடமிருந்த ஒளியையும் இழந்திருந்தார்கள். அந்த வேறுபாட்டுக்குப் பிள்ளைகள் மட்டும் காரணமில்லை என்பது கானருக்கே தெரிந்திருந்தது.

இப்போது

2024 மார்ச்சுக்குப் பிறகு தம்பிக்கு வலிப்பு வரவில்லை. பத்தாம் வகுப்பில் முழு நாள் உட்காருகிறான். பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கும், கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். தன் வேலைகளில் அவனுக்கு யாரும் உதவ வேண்டியதில்லை. நண்டை இனம் பிரித்து மின்தராசில் நிறுத்துக் கணக்குச் சொல்கிறான். ஆனால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்டால் எழுந்து போய்விடுகிறான், எனவே அந்த இடத்தில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். புதிய இடத்துக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். மருந்தை நினைவூட்ட வேண்டும். கடலில் தனியே இறங்கக்கூடாது. வல்லத்தில் தந்தையோடு, மிதவை உடுப்புடன், நடுப்பலகையில் உட்கார்ந்து போகலாம். இவற்றையெல்லாம் சேர்த்து லேசானது என்பதா, மிதமானது என்பதா என்று இப்போது யாரேனும் கேட்டால், எந்த வேலைக்கு, எந்த இடத்தில், யார் உடன் இருக்கும்போது என்று திருப்பிக் கேட்கிறேன். கோப்பிலும் அப்படித்தான் எழுதுகிறேன்: குறைக்கும் எந்த உதவிக்கும் எதிரே, எது அதை ஈடுகட்டுகிறது, அது நின்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். மறுபரிசீலனைக்கு நாள்காட்டியை மட்டும் நம்புவதில்லை. பள்ளி மாறும் ஆண்டுக்கு முந்தைய கோடை, குரல் உடையும் காலம், தூக்கம் கலையும் வாரம், வீட்டில் ஒருவர் வெளியூர் போவது ஆகிய ஒவ்வொன்றும் நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டிய நாள்.

2028-இல் அவனுக்குப் பதினெட்டு ஆகும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது தேவையா, தேவையென்றால் எதற்கெல்லாம் என்று குடும்பம் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறது. மதுரையில் படிப்பை முடித்து வேலைக்குப் போகும் அக்கா, "நான் இருக்கேன்ல" என்று சொல்கிறாள். அவளுடைய வாழ்க்கையையும் சேர்த்தே திட்டம் எழுத வேண்டும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டுத் திட்டத்தை எழுதும்போது, பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக, தாளைத் தம்பியிடம் கொடுத்து என்ன உதவி வேண்டும் என்று அவனையே எழுதச் சொன்னேன். இதை நான் ஐந்தாண்டு முன்பே செய்திருக்க வேண்டும். பென்சிலை எடுத்து நீண்ட நேரம் வைத்திருந்துவிட்டு மூன்று வரி எழுதினான்: பஸ்ஸில் ஜன்னல் சீட். மணி வேண்டாம். கடலுக்கு நான் மட்டும்.

முதலாவதற்கு நடத்துநரிடம் பேசியாயிற்று. இரண்டாவதற்குத் தலைமையாசிரியர், தேர்வு அறையை மணியிலிருந்து தள்ளி ஒதுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்றாவதைப் பற்றி, வலிப்பில்லாமல் இரண்டு ஆண்டுகள் முடிந்த பிறகு பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியைத் தம்பி தன் அறைச் சுவரில், அமாவாசைகளைக் குறித்து வைத்திருக்கும் நாள்காட்டிக்குப் பக்கத்தில், தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறான்.